போடி ரயிலும் ஆரப்பாளையம் பஸ்ஸும்

மதுரை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள செல்வம்,

நலம்தானே? இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை. நீ கொடுத்த தைலம் தீர்ந்துவிட்டது, அடுத்த முறை இரண்டு புட்டியாகக் கொண்டுவா.

போன மாதம் போனில் நான் வெடுக்கென்று பேசி வைத்தது தப்பு. கார் வாங்கப் போவதாக நீ ஆசையாகச் சொன்னாய், நான் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. மனசில் வைத்துக்கொள்ளாதே. ஆனால் "பஸ் விடுற புகைக்கு என் கார் எவ்வளவோ சுத்தம்டா" என்றாயே, அது முள் மாதிரி தைத்துக்கொண்டே இருந்தது. அதனால் நேற்றுக் காலை போடி ரயிலில் உங்கள் தேனிக்குப் போய், பஸ்ஸில் திரும்பினேன். நீ கம்பத்தில் கல்யாணத்தில் இருப்பாய் என்று தெரிந்துதான் சொல்லாமல் வந்தேன். திட்டாதே.

2010 கடைசியில், அகலப்பாதையாக மாற்றுவதற்காக, பழைய குறுகிய மீட்டர் கேஜ் ரயிலை நிறுத்தினார்கள். மறுபடி தேனிக்கு ரயில் வந்தது 2022 மே மாதம், போடிக்கு 2023 ஜூனில். நடுவில் பதினோரு வருஷத்துக்கு மேல் நமக்கு பஸ்ஸை விட்டால் கதியில்லை. வந்த புதிதில் டீசல் எஞ்சின் இழுத்தது, இப்போது மேலே மின்கம்பி. ஆண்டிபட்டிக் கணவாயில் பாறையை வெட்டிய இடத்தில் ரயில் ஏறும்போது உன் ஒற்றைச் செருப்பு ஞாபகம் வந்து தனியாகச் சிரித்தேன். எதிரே இருந்த பெரியவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

திரும்பும்போது அதே கணவாய். பழைய பஸ். டிரைவர் இரண்டாவது கியருக்கு மாற்றியதும் எஞ்சின் உறுமி, கரும்புகை பக்கவாட்டில் சுழன்று ஜன்னல் வழியே உள்ளே வந்தது. முன் சீட்டில் ஒரு அம்மா முந்தானையால் பிள்ளையின் மூக்கை மூடிக்கொண்டார். அந்த நேரம் நீ சொன்னது சரிதான் என்று பட்டது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு பிஎஸ்-6 என்ற வண்டிப் புகைக் கட்டுப்பாட்டு விதி வந்து புது வண்டிகளில் இந்தப் புகை வெகுவாகக் குறைந்துவிட்டது. பழசு இன்னும் ஓடுகிறதே, அதற்கு என்ன சொல்ல?

ஆனால் கண்ணில் தெரியும் புகை ஒரு கணக்கு, தெரியாத கரியமில வாயு வேறு கணக்கு. ராத்திரி உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். மதுரையிலிருந்து தேனி சுமார் 75 கிலோமீட்டர். பஸ் லிட்டருக்கு 5 கிலோமீட்டர் போனால் 15 லிட்டர் டீசல். ஒரு லிட்டர் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ கரியமில வாயு, ஆக மொத்தம் 40 கிலோ. ஐம்பது பேர் இருந்தால் ஆளுக்கு 800 கிராம். உன் கார் லிட்டருக்கு 15 கொடுத்தாலும் 5 லிட்டர் பெட்ரோல், பதினொன்றரை கிலோ. நீ ஒருத்தன் மட்டும். பாப்பாவை ஹாஸ்டலில் பார்க்க வாராவாரம் தனியாக வந்து போனால் வருஷத்துக்கு ஒரு டன்னைத் தாண்டிவிடும் மாப்ள. பஸ்ஸில் வந்தால் 80 கிலோ சொச்சம்.

சரி, ரயில்? இரும்புச் சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் இடம் சுண்டுவிரல் நகம் அளவுதான். டயர் தார்ச்சாலையில் அமுங்கித் தேய்வது போல அது தேய்வதில்லை, அதனால் அதே எடையை இழுக்கக் கொஞ்சம் சக்தி போதும். புது மின்சார எஞ்சின்கள் பிரேக் போடும்போது கரண்டைக் கம்பிக்கே திருப்பி அனுப்பும். இதையெல்லாம் படித்துவிட்டு ரயில் பஸ்ஸை அடியோடு தோற்கடித்துவிடும் என்று நினைத்தேன். அப்படி இல்லை. நம் மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியில் வருகிறது, சராசரியாக யூனிட்டுக்கு 0.7 கிலோ கரியமில வாயு. அதைச் சேர்த்துப் பார்த்தால் நிறைந்த ரயிலும் நிறைந்த பஸ்ஸும் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கின்றன. காலிப் பெட்டியை இழுத்தால் ரயிலும் தோற்கும், எட்டுப் பேரோடு ஓடும் கடைசி ட்ரிப் பஸ்ஸும் தோற்கும். நேற்று உசிலம்பட்டியிலேயே என் பெட்டியில் பாதி காலி. வயிற்றெரிச்சலாக இருந்தது. எத்தனை வருஷம் இந்த ரயிலுக்காக ஏங்கினோம்!

இன்னொன்றும் உண்டு. இன்று வாங்கும் டீசல் பஸ் தன் ஆயுள் முழுக்க டீசலைத்தான் குடிக்கும். ரயிலுக்கு அப்படி இல்லை. கம்பியில் எந்தக் கரண்ட் வந்தாலும் அது ஓடும். ஆண்டிபட்டியைச் சுற்றி நிற்கும் காற்றாலைகளை ஜன்னலில் பார்த்தபோது இதுதான் மனசில் ஓடியது. கம்பம் கணவாய் வழியே ஆனி ஆடியில் அடிக்கும் காற்று, சின்ன வயசில் நம் வேட்டியைப் பறித்த அதே காற்று, நாளைக்கு நம்மை மதுரைக்கு இழுத்துவரலாம்.

உனக்கு இருக்கும் சிரமமும் தெரியும். காலையில் மதுரையிலிருந்து ஒன்று, சாயங்காலம் போடியிலிருந்து ஒன்று, அப்புறம் வாரத்தில் மூன்று நாள் சென்னை வண்டி. இதை நம்பி எப்படிப் பிழைப்பது? பஸ் என்றால் மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் எந்நேரமும் நிற்கிறது. ஸ்டேஷனிலிருந்து உன் வீட்டுக்குப் போகவும் பஸ்தான் வேண்டும். அதனால்தான் ரயிலா பஸ்ஸா என்ற சண்டையே எனக்கு விட்டுப்போய்விட்டது. நம்மை மாதிரி ஆட்கள் இரண்டிலிருந்தும் இறங்கிவிட்டால் ட்ரிப்பைக் குறைப்பார்கள். அப்புறம் அந்த முந்தானை அம்மா எதில் போவார்?

காரை வாங்கு. அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக அது வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. பாப்பாவைப் பார்க்கத் தனியாக வரும் சனிக்கிழமைகளில் மட்டும் அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வாடா. இந்த வாரம் சாயங்கால ரயிலில் ஏறு, நான் மதுரை ஸ்டேஷனில் நிற்கிறேன். தைலத்தை மறந்துவிடாதே.

அன்புடன்,
குமரேசன்