வடம் அறுந்தால் அரிசியும் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடலூர் முதுநகரில் எங்கள் தெருவில் வாய்க்கால் தோண்டிய ஜேசிபி, ஒளியிழை வடத்தை அறுத்துவிட்டது. தலைமுடி பருமனுள்ள கண்ணாடி இழைதான். அதற்குள் வெளிச்சமாக ஓடுவதுதான் நம் இன்டர்நெட். ரேஷன் கடையில் கைரேகை வைக்கும் மெஷின் அப்படியே நின்றது. 74 வயது அம்மா, விரலைப் புடவையில் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தார். தன் ரேகைதான் தேய்ந்துவிட்டதோ என்று பயந்துபோனார். வெறும் பையோடு திரும்பினோம்.

நெட்டில் தகவல் சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் போகிறது. ஒரு வழி அடைபட்டால் ரவுட்டர் என்ற கருவி வேறு வழியில் அனுப்பும். சரி, அந்த வேறு வழி இருக்க வேண்டுமே! 2011 டிசம்பர் 30-இல் ‘தானே’ என்ற புயலைப் பார்த்த ஊர் இது. கடைக்கு இரண்டாவது இணைப்பு கொடுங்கள். அதுவரை நோட்டில் எழுதியாவது அரிசி போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கடலூர் முதுநகர்