அமைச்சரின் தட்டும் மண்டி மூட்டையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

விலைவாசி நெருக்கும் நேரத்தில் தலைவர்கள் தங்களுக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று பேசலாமா? பேசுவது குற்றமில்லை. ஆனால் அந்த ஒரு வரி, கூடச் சொன்ன அத்தனையையும் விழுங்கிவிடும்.

2019 டிசம்பரில் வெங்காய விலை பற்றி மக்களவையில் பதிலளித்துக்கொண்டிருந்த நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், ஓர் உறுப்பினர் குறுக்கிட்டதும், தான் வெங்காயம், பூண்டு அதிகம் சாப்பிடுவதில்லை என்றார். அதே பதிலில் சேமிப்பு, இறக்குமதி பற்றியும் பேசினார். அது யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

அந்த வருடம் மகாராஷ்டிரத்தில் அறுவடை சமயத்தில் மழை கொட்டியது. மழைக்கால வெங்காயத்தில் ஈரம் அதிகம். அதன் கழுத்து, அதாவது தாள் சேரும் மேல்பகுதி, சரியாகக் காயாது. அப்படியே மூட்டை கட்டினால் லாரியிலேயே வேர்த்துவிடும். ஒன்று அழுகினால் பக்கத்தில் இருப்பதும் போகும். ஏப்ரல், மே வாக்கில் வரும் ராபி (குளிர்காலப் பயிர்) சரக்கைத்தான் நான்கைந்து மாதம் பட்டறையில், அதாவது சேமிப்புக் கொட்டகையில், வைக்கலாம். அதிலும் காய்ந்து சுருங்குவது, முளைப்பு, அழுகல் என்று கால் பங்கு கழிந்துவிடும். செப்டம்பர் முதல் நவம்பர் வரை பழையது தீரும், புதியது முழுதாக வந்திருக்காது. அந்த இடைவெளியில் அங்கே மழை பெய்தால் இங்கே சேலம் லீ பஜார் மொத்தச் சந்தையில் விலை ஏறும்.

அரசு செப்டம்பர் 29-இல் ஏற்றுமதியைத் தடை செய்தது. டிசம்பரில் மொத்த வியாபாரிக்கு 25 டன், சில்லறைக்கு 5 டன் என்று இருப்பு வரம்பு வைத்து, சில நாளில் சில்லறைக்கு 2 டன்னாகக் குறைத்தது. 25 டன் என்றால் 50 கிலோ மூட்டை 500. மண்டிக்காரருக்குக் கசப்புதான். ஆனாலும் இதைச் சொன்னால் எல்லோரும் கணக்குப் போடலாம். இரண்டு தட்டுவடைக்கு நடுவே காய்த் துருவல் வைத்துத் தரும் தட்டுவடை செட் போடுகிறவர்கூட வெங்காயத்தைக் குறைத்து பீட்ரூட், கேரட் துருவலைக் கூட்டுவதா, செட்டுக்கு விலை ஏற்றுவதா என்று முடிவு செய்வார். அமைச்சரின் நாக்கை வைத்து எந்தக் கணக்கும் போட முடியாது.

ஜப்பானில் அரிசி விலை ஒரே வருடத்தில் ஏறக்குறைய இரட்டிப்பான 2025-இல், தான் அரிசி வாங்கியதே இல்லை, ஆதரவாளர்கள் தருகிறார்கள் என்றார் வேளாண் அமைச்சர் எட்டோ. மே மாதமே பதவி போயிற்று. அடுத்து வந்த கொய்சுமி, அரசுக் கையிருப்பு அரிசி 5 கிலோ 2,000 யென் அளவில் கடைக்கு வரும் என்றார். பேச்சு உடனே அரிசிக்குத் திரும்பியது.

1965-இல் லால் பகதூர் சாஸ்திரி வாரம் ஒருவேளை உணவை விடச் சொன்னதும் சாப்பாட்டுப் பேச்சுதான். யார், எவ்வளவு என்ற அளவு அதில் இருந்தது.

சூரமங்கலம் உழவர் சந்தையில் காலையிலேயே விலைப் பலகை எழுதிவிடுகிறார்கள். தனக்குப் பிடித்த குழம்பைப் பற்றிப் பேட்டி கொடுக்கும் முன் தலைவர்கள் அதை ஒருமுறை படித்துவிட்டு வரட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.