சைக்கிளோட்டம் வைக்கும் கழகங்களுக்கு ஒரு கோரிக்கை

திருகோணமலை மாவட்டத்தில் புத்தாண்டுக்கும் ஆண்டு விழாக்களுக்கும் சைக்கிள் ஓட்டப் போட்டி வைக்கும் விளையாட்டுக் கழகங்களின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

அடுத்த முறை நீண்ட தூர ஓட்டம் வைக்கும்போது அதை அணிப் போட்டியாக வையுங்கள். முதல் மூன்று இடங்களுக்குக் கொடுக்கும் பரிசோடு, தன் அணிக்காரருக்காக முன்னால் ஓடி எதிர்க்காற்றைத் தாங்கியவருக்கும் ஒரு பரிசு ஒதுக்குங்கள். கேட்பது இவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்பது கொஞ்சம் நீளமான கதை.

ஓர் ஆடி மாதம், நிலாவெளி வீதியால் குச்சவெளிக்குப் போய்த் திரும்பும் ஓட்டம் ஒன்றை இறக்கக்கண்டிப் பாலத்தடியில் நின்று பார்த்தேன். நல்ல கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று. ரோட்டோர மணல் காலில் குத்துகிற காற்று. திரும்பி வந்த முதல் கூட்டத்தில் ஐந்தாறு பேர். ஆக முன்னால் ஒரு பொடியன். பழைய லுமாலா சைக்கிள். பாரம் குறையட்டும் என்று மட்காட், கரியர், ஸ்டாண்ட் எல்லாவற்றையும் கழற்றியிருந்தான். தாடை ஹாண்டிலைத் தொடுகிற மாதிரிக் குனிந்திருந்தான். வாயோரத்தில் எச்சில் காய்ந்து வெள்ளையாக நின்றது. அவனுக்குப் பின்னால் அதே நிறச் சட்டையோடு அவனுடைய கழகத்துப் பொடியன் ஒருவன், தன் முன் சில்லை இவனுடைய பின் சில்லுக்கு ஒரு சாண் தள்ளி வைத்துக்கொண்டு அமைதியாக வந்தான். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை இருவரும் இடம் மாறவே இல்லை.

கடைசிக் கட்டத்தைப் பார்க்க நானும் மோட்டார் சைக்கிளில் போனேன். வென்றது அந்தப் பின்னால் வந்தவன். மேடையில் மூன்று பேர் ஏறினார்கள். முன்னால் இழுத்து வந்தவன் எத்தனையாவது என்றுகூட ஒலிபெருக்கியில் சொல்லவில்லை. அவன் சைக்கிளை மதிலில் சாய்த்துவிட்டு ஒரு போத்தல் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தான். வென்றவன் மேடையில் நின்றபடி அவனைத் தேடிக் கை காட்டினான். வென்றவனுக்குத் தெரிந்த கணக்கு, போட்டி நடத்தியவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

அந்தக் கணக்கு இதுதான். சமதரையில் மணிக்கு 30 கிலோமீற்றருக்கு மேல் ஓடும்போது ஓட்டுகிறவரின் பலத்தில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே போய்விடும். ஒருவரின் பின்னால் ஒட்டி ஓடினால் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக்கூடப் பலம் மிச்சம். பக்கக் காற்று என்றால் கணக்கு மாறும். குச்சவெளிக்குப் போகும் அந்தப் புல்மோட்டை வீதி கரையோரமாக வடக்கே போகிறது. கச்சான் தென்மேற்கால் வருகிறது. போகும்போது காற்று இடப்பக்கத்தில். அப்போது நேர் பின்னால் ஒதுங்கிப் பயனில்லை. முன்னவரின் வலது பின்பக்கத்தில் நிற்கவேண்டும். அவருக்கு வலது பின்பக்கத்தில் அடுத்தவர். இப்படிச் சரிவாக ஒரு வரிசை ரோட்டை அடைத்துக்கொண்டு போகும். ரோட்டில் இடம் முடிந்ததும், மிஞ்சியவர்கள் வலது ஓரத்தில் காற்றுக்கு மறைப்பில்லாமல் நீண்டு, ஒவ்வொருவராக அறுந்துபோவார்கள். பெல்ஜியத்தில் வசந்தகாலத்தில் நடக்கும் ஓட்டங்கள் பல தடவை இப்படிக் காற்றிலேதான் உடைகின்றன. அந்த ஓட்டங்களில் ஒன்றான கென்ற்–வெவல்கெம்மை 2022இல் வென்றவர் பினியம் கிர்மாய். நீண்ட யுத்தத்தைக் கண்ட எரித்திரியாவில் பிறந்தவர். 2024இல், நாளுக்கொரு கட்டமாகப் பல நாள் நடக்கும் பிரெஞ்சு ஓட்டமான டூர் டி பிரான்ஸில் மூன்று கட்டங்களை வென்று, புள்ளிகளில் முதலாமவருக்குக் கொடுக்கும் பச்சைச் சட்டையும் வாங்கினார். காற்றும் கரையோர ரோட்டும் நம்மிடமும் இருக்கின்றன. ஓட்டத் துடிக்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். சேர்ந்து ஓடச் சொல்லிக்கொடுக்கிற போட்டி ஒன்றுதான் இல்லை.

டூர் டி பிரான்ஸை ஒவ்வொரு வருடமும் போனில் பார்க்கிறேன். அங்கே பின்னேரம் முடிகிற கட்டம் இங்கே இரவு ஒன்பது மணிபோல் முடியும். மொத்த நேரத்தில் முதலாவதாக நிற்கும் மஞ்சள் சட்டைக்காரரை எல்லாரும் பார்ப்பார்கள். நான் பார்ப்பது அவருக்கு முன்னால் இருப்பவர்களை. ஓர் அணியில் எட்டுப் பேர். அதில் ஒருவர் பின்னால் வரும் அணியின் காருக்குப் பின்வாங்கிப் போய்த் தண்ணீர்ப் போத்தல்களைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு மறுபடி முன்னுக்கு ஏறி வருவார். இன்னொருவர் மலையடிவாரம் வரை இழுத்துவிட்டு ஒரேயடியாக ஓய்ந்து, ஊர்வலத்தில் பிந்தியவர் மாதிரித் தனியாக மலை ஏறுவார். வென்றவர் பரிசுப் பணத்தை அணிக்காரரோடு பங்கிடுவது அங்கே வழக்கம். ஒவ்வொரு கட்டத்திலும் மிகவும் போராடி ஓடியவர் என்று ஒருவருக்குத் தனிப் பரிசும் உண்டு. அதைக் கடிகாரம் தீர்மானிப்பதில்லை, நடுவர்கள் பார்த்துத் தீர்மானிக்கிறார்கள். நான் கேட்கிற பரிசும் அந்த வகைதான்.

1934இல் றெனே வியேற்றோ என்ற இருபது வயதுப் பையன் அந்த ஓட்டத்தில் மலைகளில் எல்லாரையும் விட்டு ஏறிக்கொண்டிருந்தான். அவனுடைய அணித்தலைவர் அன்ரோனின் மாஞ் மஞ்சள் சட்டையில் இருந்தார். பிரினீஸ் மலையில் ஓர் இறக்கத்தில் மாஞ் விழுந்து சில்லு உடைந்தது. வியேற்றோ தன் முன் சில்லைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, வேறு சில்லு வரும்வரை மதிலில் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தான். அந்தப் படம் இன்றும் எல்லா இடத்திலும் இருக்கிறது. மறுநாள் தலைவருக்குத் திரும்பவும் தொல்லை. அந்த நேரம் வியேற்றோ முன்னால் இருந்தான். சைக்கிளைத் திருப்பி, இறங்கிய மலையிலேயே மறுபடி ஏறிப் போய்த் தன் சைக்கிளையே கொடுத்தான். ஓட்டத்தை மாஞ் வென்றார். வியேற்றோவுக்கு மொத்தத்தில் ஐந்தாம் இடமும் மலையேற்றப் பரிசும் கிடைத்தன. பிரான்ஸ் சனங்கள் அந்த வருடம் யாரைத் தலையில் தூக்கிவைத்தார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

சங்கீதத்திலும் என் காது அந்தப் பக்கம்தான் போகும். பத்திரகாளி அம்பாள் கோயில் திருவிழாவில் நாதஸ்வரக்காரரைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். என் கண் ஒத்து ஊதுகிறவரைத் தேடும். ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்காக நிற்பார். இப்போது பல இடங்களில் அவருக்குப் பதிலாகச் சுருதிப்பெட்டி வந்துவிட்டது, அது எனக்குப் பெரிய கவலை. 1975இல் மறைந்த தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் ஒலிப்பதிவுகள் என் போனில் இருக்கின்றன. தமிழ்நாட்டுப் பெரிய வித்துவான்களே தேடி அழைத்த கை அது. அவர் தனி வாசிக்கும்போது பொறி பறக்கும். என்றாலும் நான் திரும்பத் திரும்பக் கேட்பது அதற்கு முந்திய பகுதியை. நாதஸ்வரம் ஒரு நீண்ட சங்கதியைப் பிடித்து மேலே ஏறும்போது தவில் தன் சத்தத்தை அடக்கி, விழ விடாமல் கீழே தாங்கிக்கொண்டே போகும். அந்த இடத்தில் யார் பெரியவர் என்று கேட்க மனம் வராது.

சாகசக் கதைகளும் அப்படித்தான். மூதூர்க் கழகத்தாருக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை: 1660இல் கொட்டியாரக் குடாவுக்குப் பாய்மரம் தேடி வந்த கப்பல்காரர்களைக் கண்டி அரசனின் ஆட்கள் பிடித்துப் போனார்கள். அவர்களில் ஒருவர் றொபேட் நொக்ஸ். 19 வருடத்துக்கு மேல் சிறை இருந்துவிட்டு, 1679இல் தப்பி மன்னார்ப் பக்கம் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தார். 1681இல் வந்த அவருடைய புத்தகத்தை, தீவில் தனித்துப்போன மாலுமியின் கதையை எழுதிய டானியல் டீஃபோவும் வாசித்திருக்கிறார். தன் இன்னொரு நாவலில் நொக்ஸின் கதையையே எடுத்துச் சொல்கிறார். உலகம் முழுக்கப் பிள்ளைகள் வாசிக்கிற சாகச நாவல்களின் வேர் ஒன்று நம் குடாவுக்குள் கிடக்கிறது. ஆனால் நொக்ஸ் தனியாகத் தப்பவில்லை. ஸ்டீவன் றட்லண்ட் என்ற கூட்டாளியும் கூடவே இருந்தார். இருவரும் ஊர் ஊராகச் சாமான் விற்கிற சாட்டில் வருடக்கணக்காக வழி தேடி, கடைசியில் ஆற்றோரக் காட்டுக்குள்ளால் சேர்ந்தே நடந்தார்கள். மூதூர்க் கல்வெட்டில் நொக்ஸின் பெயர் இருக்கிறது. றட்லண்டின் பெயரைப் பிள்ளைகளுக்கு யாராவது சொல்லவேண்டும்.

சரி, செய்முறைக்கு வருகிறேன். அணிக்கு நான்கு பேர். முதலில் வரும் மூன்று பேரின் நேரத்தைக் கூட்டி அணியின் நேரமாக எடுங்கள். டூரிலும் ஒவ்வொரு கட்டத்துக்கும் அணிக் கணக்கு மூன்று பேரை வைத்துத்தான். அப்போது ஒருவன் மட்டும் பிய்த்துக்கொண்டு ஓடிப் பயனில்லை, மூன்றாமவனை இழுத்துக்கொண்டு வந்தே ஆகவேண்டும். சில்லு மாற்றிக் கொடுப்பதை அனுமதியுங்கள். டூரிலும் ஆரம்பத்தில் பிறர் உதவி குற்றம்தான். 1913இல் ஊஜேன் கிறிஸ்தோஃப் முறிந்த முன் கவையோடு மலையிறங்கி நடந்து, கொல்லன் பட்டறையில் தானே அடித்துத் திருத்தினார். துருத்தி ஊத ஒரு சிறுவன் உதவினான் என்று அதற்கும் தண்டனை போட்டார்கள். அந்தச் சட்டங்களை அவர்களே கைவிட்டு வெகுகாலம் ஆகிறது.

முன்னால் இழுத்தவர் யார் என்று முடிவிடத்தில் நிற்கிற நடுவருக்குத் தெரியாது. மோட்டார் சைக்கிளில் கூடவே போய்ப் பார்க்க இரண்டு பேர் வேண்டும். அவர்கள் போனில் சொல்லச் சொல்ல, ஒலிபெருக்கியில் ஒருவர் அதைக் கதையாகச் சொல்லட்டும். வானொலி கேட்டு வளர்ந்த ஊர் இது, கேட்பதற்குச் சனம் இருக்கிறது. ரோட்டோரத்தில் நிற்பவருக்கு ஓட்டம் கண்ணில் படுவது சில விநாடிதான். மிச்ச நேரமெல்லாம் சினிமாப் பாட்டைப் போட்டு நிரப்பினால் ஓட்டமே காணாமல் போய்விடும்.

பொலிஸிடம் முன்கூட்டியே பேசி ரோட்டின் இரண்டு பக்கமும் வேண்டும் என்று கேளுங்கள். கச்சானில் வரிசை வலப்பக்கம் பரவும், எதிரே பஸ் வந்தால் ஆபத்து. அதனால் விடிந்தவுடன் தொடங்குவது நல்லது. அந்த நேரத்துக்கு பூபாள ராகம் பொருத்தம். சம்பந்தர் கோணேசர்மேல் பாடிய பதிகமும் புறநீர்மைப் பண்தான், பூபாளத்தில்தான் பாடுகிறார்கள். நம் ஊர் மேளக்காரரை ஒரு கால்மணி நேரம் வாசிக்கவிடுங்கள். கிண்ணியா, மூதூர்ப் பிள்ளைகளும் சிங்களப் பிள்ளைகளும் ஓடுகிற போட்டி என்பதால் முஸ்லிம்களின் றபானும் வேண்டும், சிங்களவரின் பெர மேளமும் வேண்டும். கோணேசர் கோயில் ஏற்றத்தில் ஓட்டத்தை முடிக்கலாம் என்று சிலர் ஆசைப்படுவார்கள். எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் பிரெட்றிக் கோட்டைக்குள்ளால் போகும் வழியில் அடியார்களும் மான்களும் குறுக்கே வரும், வேண்டாம். உப்புவெளிப் பக்கம் நேர் ரோட்டில் முடிப்பதே நல்லது.

பெண்களுக்கும் அதே அணி முறை, அதே பரிசுத் தொகை.

கூடவே போகிற இரண்டு மோட்டார் சைக்கிள்களில் ஒன்றுக்கு நான் ஆள். பெற்றோலும் என் செலவு. முன்னால் இழுப்பவருக்கான முதல் வருடப் பரிசாக ஒரு சோடி டயரும் ரியூபும் தருகிறேன். உங்கள் கூட்டம் எந்த நாள் என்று மட்டும் முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள்.

அன்புடன்,
உப்புவெளியிலிருந்து ஒரு சைக்கிளோட்ட ரசிகன்