செல்லங்களின் படத்துக்கு ஃபிளாஷ் வேண்டாமே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் வாசகர் வீட்டுச் செல்லங்களின் படங்கள் வரும் பக்கத்தை விடாமல் பார்ப்பவன் நான். மழைக்காலம் தொடங்கிவிட்டால் அதில் வரும் நாய்ப் படங்கள் பலவும் ஒரே மாதிரி ஆகிவிடுகின்றன. இருட்டு ஹால், ஓரத்தில் சோபா, நடுவில் பச்சையாக எரியும் இரண்டு கண்கள். நாயின் முகம் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது.

நாயின் விழித்திரைக்குப் பின்னால் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருக்கிறது. மங்கலில் நம்மைவிட அதற்கு நன்றாகக் கண் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். இருட்டில் கண்மணி அகலத் திறந்திருக்கும் நேரம் பார்த்து, லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஃபிளாஷை அடித்தால் அந்த வெளிச்சம் நேராக கேமராவுக்கே திரும்பி வருகிறது. இதனால் பார்வை போய்விடும் என்றெல்லாம் நான் சொல்லவில்லை, ஆனால் கண் கூசும், பல நாய்கள் மிரளும். அப்புறம் போனைத் தூக்கினாலே தலையைத் திருப்பிக்கொள்ளும், உதட்டை நக்கும், காதைப் பின்னால் மடக்கும், நாமோ வெட்கப்படுகிறது என்று சிரிக்கிறோம். தீபாவளியன்று வெடிச் சத்தத்துக்குப் பயந்து கட்டிலுக்கடியில் ஒடுங்கிக் கிடப்பதைக் குனிந்து ஃபிளாஷ் போட்டு எடுக்கிறார்களே, அவர்கள்மேல் எனக்குக் கோபமே வருகிறது. அன்றைக்குப் படமே வேண்டாம், பக்கத்தில் போய் உட்காருங்கள்.

வீட்டுக்குள் நல்ல படம் எடுக்க ஒரு ஜன்னல் போதும். வெயில் நேராக விழாத ஜன்னலாகப் பார்த்து, திரையை விலக்கி, அதையொட்டி நாய் வழக்கமாகப் படுக்கும் சாக்கை விரியுங்கள். இரண்டு மூன்று அடிக்குள் இருக்க வேண்டும், தள்ளிப்போகப் போக வெளிச்சம் மளமளவென்று குறைந்துவிடும், நம் கண் அதற்குத் தக்கபடி பழகிக்கொள்வதால் நமக்கு அது உறைப்பதில்லை. தரையில் உட்கார்ந்து அதன் முகத்துக்கு நேராகப் போனைப் பிடியுங்கள். டியூப்லைட்டை அணைத்துவிடுவது நல்லது, நம் ஊர் கரண்டில் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன, ஷட்டர் வேகமாக இருந்தால் படத்தில் கோடு கோடாக விழும். நைட் மோடும் வேண்டாம். அது தொடர்ந்து பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்க்கிற வேலை, அசையாத பொருளுக்குச் சரி, வாலாட்டும் நாய்க்கு ஒத்துவராது. கேமரா வைத்திருப்பவர்கள் ஷட்டர் வேகத்தை 1/200 நொடிக்குக் கீழே இறக்காமல், படத்தை வெளிச்சமாக்கும் ஐஎஸ்ஓ அளவை 3200 வரை தைரியமாக ஏற்றலாம். கொஞ்சம் புள்ளி விழுந்தால் விழட்டும், ஆடிப்போன படத்தை அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது.

நிறத்தையும் பார்க்க வேண்டும். கேமரா எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பலாக்கவே பார்க்கும். அதனால் படம் முழுக்க நாயே நிறைந்திருந்தால் வெள்ளை ராஜபாளையம் நாய் அழுக்கு வெள்ளையாகிவிடும், கறுப்புக் கன்னி இன நாய் வெளுத்துப்போகும். போன் திரையில் அதன் முகத்தைத் தொட்டு, வெள்ளை நாய்க்கு வெளிச்சத்தைச் சற்று ஏற்றியும் கறுப்புக்குச் சற்று இறக்கியும் எடுங்கள். கறுப்பு நாய்க்கு வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும், அப்போதுதான் கன்னத்து முடியும் மூக்கின் ஈரமும் தனித்தனியாகத் தெரியும்.

இதை இவ்வளவு விலாவாரியாக எழுதக் காரணம், அதே பக்கத்தில் கீழே வரும் தத்து அறிவிப்புகள். தெருவில் அடிபட்டுக் கிடந்ததைத் தூக்கி வந்து காப்பாற்றி வீடு தேடுகிறார்கள், பெரிய மனசு அது. பகலெல்லாம் வேலை, ராத்திரி ஷெட்டில்தான் படமெடுக்க நேரம் கிடைக்கிறது என்பதும் புரிகிறது. ஆனால் கறுப்புக் குட்டி ஒன்று வெறும் நிழலாகவும் இரண்டு பச்சைப் பொட்டாகவும் அச்சானால் யார் போன் செய்வார்கள்? பக்கத்திலிருக்கும் பழுப்புக் குட்டியைத்தான் கேட்பார்கள். காலையில் வாசல் கதவைத் திறந்து, நிலைப்படிக்கு உட்புறமாக அதை உட்காரவைத்து ஐந்து நிமிடம் செலவழித்தால் அதன் முகம் தெரியும்.

படம் அனுப்ப வேண்டிய முகவரிக்குக் கீழே ‘ஃபிளாஷ் இல்லாமல் எடுத்த படங்கள் மட்டும்’ என்று ஒரு வரி சேருங்கள். தத்து அறிவிப்புக்குக் கண் எரியும் படம் வந்தால், அச்சிடுவதற்கு முன் பகலில் எடுத்த இன்னொன்றை அவர்களிடம் கேட்டு வாங்கிப் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், விருதுநகர்