போரில் உயிரிழந்த படைவீரர்களை நினைவுகூர்தல்: பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். வரும் நவம்பர் 11 அன்று பிற்பகலில் ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மாணவர்களைப் புதுச்சேரி கடற்கரைச் சாலையிலுள்ள பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னத்துக்கு ஆசிரியர்கள் அழைத்துச் செல்லவிருக்கிறார்கள். 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரில் மடிந்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்காக 1938இல் திறந்துவைக்கப்பட்ட அந்தச் சின்னத்தைக் காந்தி சிலைக்குப் போகும்போதெல்லாம் நம் பிள்ளைகள் கடந்து செல்கிறார்கள். ஆயினும் தூண்களின் நடுவே தலைகுனிந்து நிற்கும் வீரர் யாருக்காகத் துக்கம் காக்கிறார் என்று வகுப்பில் கேட்டபோது மிகச் சிலரே பதில் சொன்னார்கள். அந்தப் போர் ஓய்ந்தது 1918 நவம்பர் 11, காலை 11 மணி என்பதால், அதே நேரத்தில் பள்ளி முழுவதும் இரண்டு நிமிடம் மௌனம் காக்கும்.

நம்மை ஆண்டவர்களின் போரில் இறந்தவர்களுக்கு நாம் ஏன் அஞ்சலி செலுத்த வேண்டும் என்று பெற்றோர் ஒருவர் கேட்டிருந்தார். நேர்மையான கேள்வி அது. அன்று எல்லைக்கு இந்தப் பக்கம் பிறந்தவர் பிரெஞ்சுப் படையிலும், சில கல் தொலைவில் கடலூர்ப் பக்கம் பிறந்தவர் ஆங்கிலேயரின் இந்தியப் படையிலும் சேர்ந்தார்கள். அந்த இந்தியப் படையில் பணியாற்றிய சுமார் 13 லட்சம் பேரில் ஏறத்தாழ 74,000 பேர் ஊர் திரும்பவில்லை. ஆதிக்க அரசுகள் அவர்களைப் போருக்கு அனுப்பியது சரியா என்பதை மாணவர்கள் வரலாற்று வகுப்பில் தாராளமாக விவாதிக்கட்டும். அந்த விவாதத்துக்காக இறந்தவர்களைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுவதை என் மனம் ஏற்கவில்லை. 1999 கார்கில் போரில் உயிர்நீத்த 527 வீரர்களையும் அன்று அவர்களோடு சேர்த்தே நினைவுகூர்வோம்.

கல்லைப் பார்த்துவிட்டு வருவதோடு இது முடிந்துவிடக் கூடாது. செங்கம் பகுதி நடுகற்களில் எந்த மன்னன் காலத்தில், எந்தச் சண்டையில், யார் பட்டார் என்று பெயரோடு பொறித்து வைத்திருக்கிறார்கள். அவ்வழியில் நம் பள்ளியிலும் ஓர் ஏடு தொடங்குகிறோம். உங்கள் குடும்பத்திலோ தெருவிலோ போரில் உயிரிழந்தவர் இருந்தால், அவர் நம்மூர் வழக்கில் ‘சொல்தா’ என்று அழைக்கப்பட்ட பிரெஞ்சுப் படைவீரராயினும், இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவராயினும், இந்திய ராணுவத்தினராயினும், அவருடைய பெயர், ஊர், எந்தப் படையில் இருந்தார், எங்கே இறந்தார் ஆகியவற்றைத் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பிள்ளைகள் தங்கள் கையெழுத்தில் எழுதி வரட்டும். பதக்கம், பழைய புகைப்படம், ஓய்வூதியப் புத்தகம் போன்றவற்றின் மூலத்தைக் கொடுத்தனுப்ப வேண்டாம், நகல் போதும். ஊர்ப்பெயரோ ஆண்டோ தெரியாவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விடலாமே தவிர, ஊகித்து நிரப்ப வேண்டாம்.

அண்மையில் இத்தகைய இழப்பைச் சந்தித்த குடும்பத்துப் பிள்ளையை வகுப்பில் எழுந்து பேசும்படி யாரும் வற்புறுத்த மாட்டார்கள். அப்படிப்பட்ட வீட்டார் முன்கூட்டியே என்னை நேரில் சந்தித்தோ தொலைபேசியிலோ தெரிவித்தால், அந்தப் பிள்ளை அன்று எவ்வாறு பங்கேற்பது என்பதை உங்கள் விருப்பப்படியே முடிவு செய்வோம்.

டிசம்பர் 7, படைவீரர் கொடி நாளுக்கான உண்டியல் அலுவலகத்தில் வைக்கப்படும், நன்கொடை கட்டாயமில்லை. இணைப்பிலுள்ள ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிட்டு நவம்பர் 7ஆம் தேதிக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்ப்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்