டியூஷன் ஆசிரியர்களுக்கு: கடைசி வாரத்து ‘ஸ்பாட்’ கட்டுரைகளை நிறுத்துங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு வணக்கம்.

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஆறாம் படிவப் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லித்தரும் டியூஷன் ஆசிரியர்கள் எல்லாருக்குமாகத்தான் இதை எழுதுகிறேன். ஆறாம் படிவத்தில் எழுதும் எஸ்.டி.பி.எம். சோதனை நெருங்கும்போதெல்லாம் தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் கட்டுரையைத் திருத்தித் தாங்கக்கா என்று வீட்டுக்கு வருகிறார்கள். கையில் பாடநூல் இருக்காது. இந்த முறை கட்டாயம் வரும் என்ற தலைப்போடு வாட்ஸ்அப்பில் வந்த நான்கைந்து ‘ஸ்பாட்’ கட்டுரைகள்தான் இருக்கும். அதைக் கடையில் பிரிண்ட் எடுத்து, வரிக்கு வரி மஞ்சள் அடித்து, கண்ணை மூடிக்கொண்டு மலாயில் ஒப்பிக்கிறார்கள். ஜெர்மனி ஒன்றானதற்கான காரணங்கள், இத்தாலி ஒன்றானதற்கான காரணங்கள், எல்லாம் எண் போட்டு வரிசையாக வரும். நடுவில் ஒன்று மறந்துபோனால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்கள்.

ஒப்பித்து முடித்த பிள்ளையிடம், ஜெர்மனியை ஒன்றாக்க 1848இல் முடியாத காரியம் 1871இல் எப்படி முடிந்தது என்று கேட்டேன். முகம் வாடிப்போனது. “அந்தக் கேள்வி வராதுன்னு சார் சொன்னாருக்கா” என்றாள். கெட்டிக்காரப் பிள்ளை அவள். அந்தப் பதில் எனக்கு மிகவும் வலித்தது.

நாங்கள் அதை அப்புறம் தமிழிலேயே பேசினோம். 1848இல் பிராங்க்பர்ட்டில் கூடிய மன்றத்தில் படித்தவர்கள் இருந்தார்கள், நல்ல எண்ணமும் இருந்தது, ஆனால் சொந்தமாக ஒரு படை இல்லை. மறு வருடம் அவர்கள் நீட்டிய மகுடத்தை, ஜெர்மன் அரசுகளில் ஒன்றான பிரஷ்யாவின் அரசர் வாங்க மறுத்ததும் முயற்சி சரிந்தது. பிஸ்மார்க் 1862இல் பிரஷ்யாவின் பிரதமராகப் பொறுப்புக்கு வந்தபோது அவர் கையில் படை இருந்தது. 1834இலிருந்து சுங்க ஒன்றியத்தால் பல ஜெர்மன் அரசுகளின் வணிகம் பிரஷ்யாவோடு பின்னிப்போயிருந்தது. படையை வேகமாக நகர்த்த ரயிலும் இருந்தது. 1864இல் டென்மார்க், 1866இல் ஆஸ்திரியா, 1870இல் பிரான்ஸ் என்று போர் நடந்தது. ஆஸ்திரியாவை ஏன் வெளியே நிறுத்தினார்கள் என்று அவளே கேட்டாள். ஹங்கேரியர், செக் மக்கள், இத்தாலியர் எல்லாரையும் ஆண்ட பேரரசு அது, பிரஷ்யாவுக்குப் போட்டியும் அதுதான் என்றேன். அதற்குமேல் நான் அதிகம் சொல்லவில்லை. பிரான்ஸோடு சண்டை என்றதும் தெற்கு ஜெர்மன் அரசுகள் ஏன் பிரஷ்யா பக்கம் வந்தன என்பதை அவளே யோசித்துச் சொன்னாள். காரணம் புரிந்த பிறகு வருடங்களும் தானாக மனத்தில் நின்றன.

மனப்பாடமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வருடம், பெயர், ஒப்பந்தம் எல்லாம் தெரிந்தே ஆக வேண்டும். ஆனால் ஒன்று ஏன் நடந்தது என்பது முதலில் வரட்டும். கேள்வி கொஞ்சம் திரும்பினால், “எந்த அளவுக்கு ஒப்புக்கொள்கிறீர்கள்” என்று ஒரு சொல் கூடினால், ஒப்பித்த கட்டுரை அங்கே நிற்காது.

நம் பிள்ளைகளுக்கு ஐரோப்பா தூரத்து நாடு என்று நினைத்துத்தான் இந்தக் குறுக்குவழியைக் கொடுக்கிறீர்களோ என்று எனக்குத் தோன்றுகிறது. உண்மையில் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அது மிகவும் பக்கத்தில் இருக்கிறது. 1839இல் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பதப்படுத்தும் வழியைக் கண்டுபிடித்தார். 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். பிரேசிலில் இருந்து 1876இல் லண்டன் கியூ தோட்டத்துக்குப் போன விதைகளின் கன்றுகள் மறு வருடமே சிங்கப்பூருக்கு வந்து, அங்கிருந்து கோலகங்சாருக்கும் வந்தன. அந்தக் காலத்து மரம் ஒன்று கோலகங்சார் மாவட்ட அலுவலகத்துப் பக்கத்தில் இன்னும் நிற்கிறது, பஸ் ஏறிப் போய்ப் பார்க்கலாம். டயர் செய்யும் தொழிற்சாலைகளுக்கு ரப்பர்ப் பால் வெட்டத்தான் கங்காணிகள் நம் பாட்டன் பாட்டியைக் கப்பலேற்றிக் கூட்டி வந்தார்கள். 1929இல் நியூயார்க் பங்குச்சந்தை சரிந்து ஐரோப்பாவும் முடங்கியபோது ரப்பர் விலை விழுந்தது. வேலை போன தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அந்தக் கதை இன்றும் சில வீடுகளில் பேசப்படுகிறது. உலகப் பொருளாதார மந்தத்தைப் பற்றி எழுத வேண்டிய பிள்ளைக்கு இதைவிட நல்ல தொடக்கம் எங்கே கிடைக்கும்?

1948ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் 16ஆம் தேதி எல்பில் உள்பட நம் ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகளைக் கம்யூனிஸ்ட்டுகள் சுட்டுக் கொன்றார்கள், அவசரகாலம் வந்தது. அதே மாதம் 24ஆம் தேதி சோவியத் ஒன்றியம் மேற்கு பெர்லினுக்குப் போகும் சாலையையும் ரயிலையும் அடைத்தது. ஒன்றால் மற்றது நடந்தது என்று சொல்லக் கூடாது. ஆனால் இரண்டையும் ஒரே பலகையில் எழுதி, அன்றைய உலகம் எப்படி இரண்டாகப் பிரிந்து நின்றது என்று கேட்டுப் பாருங்கள். எல்பில் தோட்டத்தின் பெயரைக் கேட்டு வளர்ந்த பிள்ளை பெர்லினை மறக்காது.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். சோதனைக்கு முந்தின வாரம் ஸ்பாட் கட்டுரைகளை அனுப்பாதீர்கள், அதற்கென்று தனிக் கட்டணமும் வாங்காதீர்கள். தோட்டத்தில் வேலை செய்யும் அம்மா, ஓவர்டைம் காசைச் சேர்த்துக் கொடுக்கும் பணம் அது. அந்த வாரத்தில் பழைய கேள்விகளைக் கொடுத்து, நேரம் குறித்து, பிள்ளைகளைச் சொந்தமாக எழுதச் சொல்லுங்கள். காரணத்தைத் தமிழில் விவாதிக்க விடுங்கள், அப்புறம் மலாயில் எழுதட்டும். சோதனைக்கு முந்தின ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் குழுவில் எதையும் போடாதீர்கள். நீங்கள் அனுப்பினால் அவர்கள் தூங்க மாட்டார்கள், உங்கள்மேல் அவ்வளவு நம்பிக்கை.

பல்கலைக்கழகத்துக்கு முந்தின அரசு மெட்ரிகுலேஷன் படிப்பில் இடம் கிடைக்காத பிள்ளைகளில் பலருக்கு அரசுப் பல்கலைக்கழகத்துக்குப் போக இருக்கும் வழி இந்த ஆறாம் படிவம்தான். ஒரு பாடத்தில் தரம் இறங்கினால்கூட விரும்பிய துறை கை நழுவலாம்.

திருத்த ஆள் போதவில்லை என்றால் என்னைக் கூப்பிடுங்கள். பிள்ளைகள் சொந்தமாக எழுதிய கட்டுரை எத்தனை இருந்தாலும் காசு வாங்காமல் திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
சுங்கை சிப்புட்டில் கட்டுரை திருத்தும் அக்கா