மதகோடு நின்றுபோன பாதையைக் கழிமுகம் வரை கொண்டுசெல்ல ஒரு வேண்டுகோள்

அன்புடையீர்,

வணக்கம். ஆற்றங்கரை வழியாகக் கழிமுகம் வரை, கால் வலியுள்ளவரும் சக்கர நாற்காலியில் வருபவரும் குழந்தை வண்டி தள்ளுபவரும் சிரமமின்றிப் போய்வரக்கூடிய ஒரு நடைபாதையை அமைத்துவருகிறோம். முக்கால் பங்கு வேலை முடிந்துவிட்டது. மிச்சமிருப்பது கடைசி 800 மீட்டர். அதைக் கட்டி முடிக்கும் வலு குழுவின் கையில் இல்லை. அதனால்தான் உங்களிடம் வருகிறோம்.

பாலத்தடியில் தொடங்கும் முதல் மூன்று கிலோமீட்டர் ஆற்றின் கரைமேலேயே போகிறது. ஒரு பக்கம் ஆறு, மறு பக்கம் வயலும் தோப்பும். மேடுபள்ளம் அதிகமில்லை. மழைக்குக் குழிந்துபோன இடங்களில் சரளை போட்டு இறுக்கினோம். மாடு நுழையாமலிருக்க வைத்திருந்த குறுகிய திருகுவாயிலை எடுத்துவிட்டு, சக்கர நாற்காலி நுழையும் அகலக் கதவை வைத்தோம். கைப்பிடி உள்ள இருக்கைகளையும் இடைவெளி விட்டு அமைத்தோம். கைப்பிடியைச் சிறிய விஷயமாக நினைக்க வேண்டாம். முழங்கால் போனவர்கள் உட்கார்ந்துவிடுவார்கள், ஊன்றிக்கொள்ள ஒன்று இல்லாவிட்டால் எழுந்திருக்க முடியாது. எழ முடியாதோ என்ற பயத்திலேயே பலர் உட்காராமல் நடந்து களைத்துப்போகிறார்கள். இதெல்லாம் எங்கள் கைவேலையிலும் தெரிந்தவர்கள் கொடுத்த பொருளிலும் நடந்தது.

மூன்று கிலோமீட்டர் கடந்ததும் மதகு வருகிறது. கரை அங்கே அறுந்துவிடுகிறது. வழுக்கும் கற்படிகள், அவற்றுக்குக் கீழே சேறு, சேற்றைத் தாண்ட ஒற்றை மரக்கட்டை. கால் பலமுள்ளவர்கள் கையை விரித்துச் சமநிலை பார்த்துக்கொண்டே தாண்டிவிடுவார்கள். மற்றவர்களுக்குப் பாதை அந்த இடத்தோடு முடிந்தது. ஆறு விரிந்து கடலோடு கலக்கும் இடம், அத்தனை தூரம் நடந்து வந்ததே எதைப் பார்ப்பதற்கோ அந்த இடம், அதற்கு அப்பால்தான் இருக்கிறது.

இந்தக் குழு தொடங்கியதே அந்த மதகடியில்தான். அன்று எங்களோடு வந்தவர்களில் ஒரு பெரியவர், இளவயதில் அதே ஆற்றில் படகு தள்ளியவர். பாலத்திலிருந்து தடியை ஊன்றி ஊன்றி மதகு வரை வந்துவிட்டார். கற்படியைப் பார்த்தார், கட்டையைப் பார்த்தார். தடியின் நுனியால் சேற்றை ஒருமுறை குத்திப் பார்த்தார். அது ஒரு சாண் உள்ளே போனது. உருவி எடுத்து நுனியைப் புல்லில் துடைத்துவிட்டுச் சொன்னார்: "நீங்க போயிட்டு வாங்க தம்பி. வந்து என்ன பாத்தீங்கன்னு சொல்லுங்க." நாங்கள் போனோம். திரும்பி வரும்வரை அவர் மதகுச் சுவரில் சாய்ந்தபடி, அந்தப் பக்கம் கேட்கும் பறவைச் சத்தத்தையே கவனித்துக்கொண்டிருந்தார். பார்த்ததையெல்லாம் சொன்னோம். எங்களில் யாரையும்விட அந்த நீரை நன்றாக அறிந்தவருக்கு அதை வாயால் சொல்ல நேர்ந்தது எங்களை உறுத்தியது. அன்று மாலை திரும்பும் வழியிலேயே பேசி முடிவெடுத்தோம்.

அந்தப் பக்கம் என்னதான் இருக்கிறது என்று கேட்பீர்கள். முதல் பார்வைக்கு வெறும் சேறு. ஆறு சுமந்து வரும் நுண்ணிய களிமண் துகள்கள் நன்னீரில் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மிதந்து வருகின்றன. உப்பு நீரைத் தொட்டதும் அந்த விலக்கம் போய், ஒட்டித் திரண்டு, கனத்துப் படிகின்றன. கழிமுகத்துச் சேற்றுவெளி இப்படித்தான் உருவாகிறது. நீர் வற்றிய வெயில் நேரத்தில் அதன் மேற்பரப்பைக் குனிந்து பாருங்கள். பொன்னும் பழுப்பும் கலந்த ஒரு மினுமினுப்பு தெரியும். அது கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் பாசிகளின் படலம். வெளிச்சத்துக்காக மேலே வருகின்றன. நீர் ஏறுவதற்கு முன் மறுபடி சேற்றுக்குள் இறங்கிவிடுகின்றன. புழு, நத்தை, நண்டு, அவற்றைத் தின்னும் பறவை என்று அங்குள்ள உயிர்களில் பெரும்பகுதிக்கு இந்தப் படலமே சோறு.

சேற்றிலிருந்து வரும் அழுகிய முட்டை வாடையைச் சாக்கடை என்று நினைத்து மூக்கைப் பொத்துகிறவர்கள் உண்டு. அங்குலக் கணக்கில் கீழே போனாலே சேற்றில் பிராணவாயு இல்லை. அங்கே வாழும் பாக்டீரியாக்கள் கடல்நீரின் சல்பேட்டைப் பயன்படுத்தி ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளியிடுகின்றன. ஆரோக்கியமான சேற்றுக்கும் அந்த வாடை உண்டு. நண்டுகள் வளை தோண்டும்போது அந்தக் கருஞ்சேற்றுக்குள் காற்று புகுகிறது. வளை வாசலில் ஆட்கள் அசையாமல் ஐந்து நிமிடம் நின்றால் போதும், நண்டு வெளியே வந்துவிடும். ஆனால் அசையாமல் நிற்பதற்குக் காலடியில் உறுதியான தரை வேண்டும். வழுக்கும் சேற்றில் நிற்பவர் தன் காலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

பறவைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நீண்ட அலகைக் கண்வரை சேற்றில் விட்டுப் புழு தேடும் மூக்கன்களும், சிவந்த காலோடு ஓடி ஓடிக் கொத்தும் பவளக்காலிகளும், வளைந்த அலகுடைய கோட்டான்களும் (ஆந்தையல்ல, இது கரைப்பறவை) வலசை வந்து தங்குவது இப்படிப்பட்ட சேற்றுவெளிகளில்தான். 2022ஆம் ஆண்டு அலாஸ்காவிலிருந்து கிளம்பிய ஓர் இளம் பட்டைவால் மூக்கன், எங்கும் இறங்காமல் 11 நாள் பறந்து டாஸ்மேனியாவை அடைந்ததைச் செயற்கைக்கோள் கருவி பதிவு செய்தது. தூரம் 13,560 கிலோமீட்டர். கிளம்புவதற்கு முன் இந்தப் பறவை தின்று தின்று உடலில் ஏறக்குறைய பாதி எடைக்குக் கொழுப்பைச் சேர்த்துக்கொள்கிறது. பிறகு வழியில் உதவாத குடல் போன்ற உறுப்புகளைச் சுருக்கிக்கொள்கிறது. அவ்வளவு பயணத்துக்கும் எரிபொருள் கிடைப்பது கழிமுகச் சேற்றில். நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் அதே சேற்றில்.

இங்கே ஒரு நியாயமான எதிர்ப்புக்குப் பதில் சொல்லியாக வேண்டும். "பாதை போட்டால் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் பறவை போய்விடும்" என்று எங்கள் கூட்டத்திலேயே சிலர் கேட்டார்கள். உண்மையாகவே நடக்கக்கூடியதுதான். அதனால் பாதை போகும் தடத்தை ஒருமுறை முழுக்க மாற்றி வரைந்தோம். நீர் ஏறி நிற்கும் நேரத்தில் சேற்றுவெளி மூழ்கிவிடும். பறவைகளெல்லாம் மிஞ்சிய சிறு திட்டில் நெருங்கி நின்று இளைப்பாறும். அந்த நேரத்தில் ஒருமுறை விரட்டினாலும், பாடுபட்டுச் சேர்த்த கொழுப்பை வீணாக எரிக்க வைக்கிறோம். முதல் வரைபடத்தில் பாதை அந்தத் திட்டுக்குப் பக்கத்தில் போனது. இப்போது விலகிப் போகிறது. பார்ப்பதற்கு ஒரு மறைப்புத் தட்டி இருக்கும். நிற்பவர் உயரத்துக்கும் சக்கர நாற்காலியில் இருப்பவர் உயரத்துக்கும் குழந்தைகள் உயரத்துக்கும் தனித்தனியே பார்வைத் துளைகள் வைக்கிறோம். இன்றைய நிலைமையில் வருகிறவர்கள் ஆளுக்கொரு பக்கம் சேற்றில் இறங்கி, உமரிச் செடிகளை மிதித்து, புதுப்புதுத் தடம் போடுகிறார்கள். மனிதர்கள் ஒரே தடத்தில் ஒரே வேகத்தில் போனால் பறவைகள் பழகிக்கொள்ளும். எந்தப் பக்கமிருந்து வருவார்கள் என்று தெரியாதபோதுதான் மிரளும்.

உலகில் இது புதிய முயற்சியும் அல்ல. இங்கிலாந்தில் செவர்ன் கழிமுகக் கரையில் ஸ்லிம்பிரிட்ஜ் என்ற இடத்தில் பீட்டர் ஸ்காட் 1946இல் தொடங்கிய நீர்ப்பறவை மையம், பொதுமக்களை வரவேற்றுக்கொண்டே பறவைகளைக் காத்துவருகிறது. சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்பு நிலத்தில் 1993 முதல் மக்கள் பலகைப் பாதைகளில் நடக்கிறார்கள். வலசைப் பறவைகளும் வந்துகொண்டிருக்கின்றன. 1971 பிப்ரவரி 2ஆம் தேதி ஈரானின் ராம்சர் நகரில் கையெழுத்தான ஈரநில ஒப்பந்தம் முன்வைத்த சொல்லும் ஈரநிலங்களின் 'அறிவார்ந்த பயன்பாடு' என்பதுதான். மனிதரை முழுக்க வெளியேற்றச் சொல்லவில்லை அது.

இனி வேலைக்கு வருகிறேன். 800 மீட்டருக்கு, சேற்றுக்கும் செடிக்கும் மேலே உயர்ந்து நிற்கும் பலகைப் பாதை. அகலம் 1.8 மீட்டர், எதிரெதிரே வரும் இரண்டு சக்கர நாற்காலிகள் உரசாமல் கடக்க இவ்வளவாவது வேண்டும். ஒவ்வொரு பலகையும் 15 சென்டிமீட்டர் அகலம், நடுவில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி. கணக்குப் போட்டால் 5,000 பலகைகள். நடக்கும் திசைக்குக் குறுக்காகவே பலகை அடிக்கிறோம். நீளவாக்கில் அடித்தால் சக்கரமும் ஊன்றுகோலும் இடுக்கில் மாட்டிக்கொள்ளும். ஓரத்தில் சக்கரம் வழுக்கி இறங்காதபடி சிறு தடுப்புக் கட்டை ஓடும்.

தூண்களுக்குக் கான்கிரீட் போடப்போவதில்லை. திருகாணி போல நிலத்துக்குள் சுழன்று இறங்கும் இரும்புத் தூண்களை வைக்கிறோம். சேற்றைத் தோண்டத் தேவையில்லை. என்றாவது பாதை வேண்டாம் என்று முடிவானால் எதிர்த் திசையில் சுழற்றி உருவிவிடலாம். மரத் தூண் மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் உப்பு நீரில் மூழ்கிய மரத்தைக் கப்பல் புழு உள்ளுக்குள்ளேயே துளைத்துத் தின்றுவிடும், வெளியே பார்த்தால் தெரியாது. அந்த ஆபத்தை ஏற்க எங்களுக்கு மனமில்லை.

செலவு கூடுகிற இன்னோர் இடம், கரையிலிருந்து பலகைப் பாதைக்கு இறங்கும் சரிவு. உயர வித்தியாசம் ஒன்றரை மீட்டர். படி கட்டினால் ஒரே நாளில் முடியும். சக்கர நாற்காலியில் வருபவர் தானே தள்ளிக்கொண்டு ஏறுகிற சாய்வு வேண்டுமானால் ஒரு மீட்டர் உயர 20 மீட்டர் நீளம் தேவை. ஆக, சரிவுக்கு மட்டும் 30 மீட்டர், இடையில் மூச்சு வாங்க ஒரு சமதளம். இதைக் குறைத்துச் செலவை மிச்சம் பிடிக்கலாமே என்று அக்கறையோடு சிலர் யோசனை சொன்னார்கள். முடியாது என்று மரியாதையோடு சொல்லிவிட்டோம். சரிவைக் குறைத்தால் அந்தப் பெரியவர் மறுபடியும் மதகடியிலேயே நிற்பார்.

நன்கொடையில் நாலில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கென்று தனிக் கணக்கில் போடுகிறோம். இதில் யாருக்கும் விலக்கில்லை. அழகாகத் திறந்துவைத்த ஒரு பலகைப் பாதை, சில மழைக்காலங்களுக்குள் பாசி பிடித்து, ஆணி துருப்பிடித்து, பலகை உடைந்து, கடைசியில் கயிறு கட்டி மூடப்பட்டதை எங்களில் சிலர் கண்ணால் பார்த்திருக்கிறோம். கட்டுவதற்குக் கொடுத்தவர்கள் இருந்தார்கள், கழுவித் தேய்ப்பதற்கு ஒதுக்கியவர் இல்லை. இந்தப் பாதைக்கு அந்தக் கதி வரக் கூடாது.

பணமாகத் தருபவர்கள் குழுவின் பொதுக் கணக்கில் மட்டும் செலுத்துங்கள். விவரம் நன்கொடைப் படிவத்தில் உள்ளது. தனி ஆள் கையில் ரொக்கமாக, அது செயலாளர் கையாக இருந்தாலும், தர வேண்டாம். ஒவ்வொரு வரவுக்கும் ரசீது உண்டு. வரவு செலவுக் கணக்கை மாதந்தோறும் பாலத்தடி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். ஒரு பலகைக்கு உண்டான தொகையைத் தரலாம், பத்துக்குத் தரலாம், நாலு பேர் சேர்ந்து ஒன்றுக்குத் தரலாம். விளம்பரப் பலகை வைக்கும் நிபந்தனையோடு வரும் தொகையை ஏற்க மாட்டோம். கொடுத்தவர் பெயர்களெல்லாம் பாதைத் தொடக்கத்தில் ஒரே பலகையில், அகர வரிசையில், தொகை குறிப்பிடாமல் இருக்கும்.

பணம் தர இயலாதவர்களிடமும் கேட்க நிறைய இருக்கிறது. தச்சு வேலை தெரிந்தவர்கள், நில அளவை தெரிந்தவர்கள், வாரத்தில் ஒரு நாள் கூட மாட ஒத்தாசைக்கு வரக்கூடியவர்கள் எல்லோரும் தேவை. சக்கர நாற்காலியில் நடமாடுபவர்களுக்கும் ஊன்றுகோல் பிடிப்பவர்களுக்கும் ஒரு தனி அழைப்பு. ஒவ்வொரு 50 மீட்டர் முடிந்ததும் நீங்கள் வந்து போய்ப் பார்த்துக் குறை சொல்ல வேண்டும். எங்கே குலுங்குகிறது, எந்தக் கைப்பிடி எட்டவில்லை என்பது எங்களுக்குத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும். முதல் கதவை நாங்கள் தவறான பக்கம் திறக்கும்படி வைத்து, சக்கர நாற்காலியில் வந்த ஓர் அம்மா சொன்ன பிறகே கழற்றி மாற்றினோம்.

சேற்றுப் பகுதியில் வேலை நீர் வற்றும் நேரத்தில் மட்டுமே நடக்கும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் என்பதால், வேலை நேரமும் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் மிக உயர்ந்து ஏறி, மிகத் தாழ்ந்து வற்றும். தூண் இறக்க அந்த வற்றம்தான் வசதி. பறவைகள் திரளாக வந்து தங்கும் மாதங்களில் தூண் வேலையே கிடையாது. எனவே அவை கிளம்பிய பிறகு கிடைக்கும் காலத்துக்குள் 5,000 பலகைகளும் கைக்கு வந்திருக்க வேண்டும். ஒரு பருவம் தவறினால் ஒரு வருடம் போய்விடும். மதகடியில் காத்திருப்பவர்களில் சிலருக்கு ஒரு வருடம் என்பது நீண்ட காலம்.

கொடுப்பதற்கு முன் இடத்தைப் பார்க்க விரும்பினால் வாருங்கள், கட்டாயம் எதுவும் இல்லை. வற்ற நேரத்தைப் பாலத்தடிப் பலகையில் அன்றன்று எழுதிவைக்கிறோம். மதகு வரை உங்கள் வேகத்துக்கு உடன் நடக்க எங்களில் ஒருவர் இருப்பார். அந்தப் பெரியவரும் பெரும்பாலும் அங்கேதான் உட்கார்ந்திருப்பார். நீர் எப்போது ஏறும் என்று பலகையைப் பார்க்காமலே சொல்லுவார்.

அன்புடன்,
குழுவினர் சார்பில்
செயலாளர்